மோட்டார் வண்டியும் தெறிகல்லும்

மோட்டார் வண்டியின் மேனியில் மினுங்கும் வர்ணம் அழகுக்காகப் பூசப்பட்டது என்றே பலரும் எண்ணுகின்றனர். அது முழு உண்மையன்று. வர்ணம் வண்டிக்கு அணி மாத்திரமன்று, கவசமும் ஆகும். இரும்புத் தகட்டுக்கும், அந்த இரும்பைத் தின்னக் காத்திருக்கும் காற்றுக்கும் ஈரத்துக்கும் நடுவே நிற்கும் காவல் அதுவே. அக்காவலில் ஊசிமுனை அளவு துவாரம் ஏற்பட்டாலும் பகை உள்ளே புகுவதற்கு அது போதும். வீதியிற் கிடக்கும் சிறு கல்லொன்று தெறித்து வந்து வண்டியிற் படும்போது நிகழ்வது இதுவே. ‘ணங்’ என்றோர் ஓசை கேட்கின்றது. சாரதி ஒரு கணம் முகஞ் சுளிக்கிறார். அடுத்த வளைவில் அதை மறந்துவிடுகிறார். அவர் மறந்தாலும் ஈரம் மறப்பதில்லை.

கல் தெறிப்பதனால் வர்ணத்துக்கு நேரும் சேதம் எத்தகையது, அதைச் சீர்செய்வது எவ்வாறு, வராமற் காப்பது எவ்வாறு என்பனவே இப்பேச்சின் பொருள்.

இலங்கையில் இவ்விடயம் கூடுதலான கவனத்துக்கு உரியது. இந்நாட்டில் மோட்டார் வண்டி என்பது சில ஆண்டுகள் ஓட்டிவிட்டுக் கழித்துவிடும் பொருளன்று. 1948 இல் இங்கிலாந்தில் அறிமுகமான மொறிஸ் மைனர் இனத்து வண்டிகள் இன்றும் இந்நாட்டு வீதிகளில் ஓடுகின்றன. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் மோட்டார் வண்டிகளைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் உள்ள வண்டியைப் பேணிக்கொள்வதைத் தவிர வேறு வழி பலருக்கு இருக்கவில்லை. ஒரு குடும்பம் சிறுகச் சிறுகச் சேமித்தும் கடன்பட்டும் வாங்கும் பொருள் அது. எஞ்சின் பழுதானால் திருத்தலாம். ரயர் தேய்ந்தால் மாற்றலாம். கறள் தின்ற உடலை மீட்பதோ அரிது. மீட்டாலும் செலவு பெரிது. அந்தக் கறளின் தொடக்கம் பெரும்பாலும் ஒரு சிறு கல்லின் வடுவாகவே இருக்கின்றது.

முதலில், கவசத்தின் தடிப்பு எவ்வளவு என்று பார்ப்போமாயின் வியப்பே மிஞ்சும். தொழிற்சாலையில் உருக்குத் தகடு கழுவப்பட்டு, வர்ணம் நன்கு பற்றுவதற்காகப் பொசுபேற்றுக் கரைசலால் பதப்படுத்தப்படுகின்றது. பின்னர் வண்டியின் உடல் முழுவதையும் ஒரு தொட்டியில் அமிழ்த்தி, மின்னோட்டத்தின் துணையால் முதற்பூச்சு ஏற்றப்படுகின்றது. இம்முறை 1960களில் மோட்டார்த் தொழிலிற் புகுந்தது. மூலை முடுக்குகளிலும் புகுந்து படிவதே இப்பூச்சின் சிறப்பு. அதன்மேல் தெறிகல்லின் அடியைத் தாங்கும் அடிப்பூச்சு, அதன்மேல் நிறப்பூச்சு, எல்லாவற்றுக்கும் மேலாக நிறமற்ற தெளிந்த பூச்சு. இத்தனையும் சேர்ந்த மொத்தத் தடிப்பு பெரும்பாலான வண்டிகளில் 100 முதல் 150 மைக்கிரோமீற்றர் மட்டுமே. மனிதத் தலைமயிர் இரண்டை ஒன்றன்மேலொன்றாக வைத்தால் எவ்வளவு தடிப்போ, ஏறத்தாழ அவ்வளவே. வெயிலையும் மழையையும் கடற்காற்றையும் ஆண்டுக்கணக்கில் எதிர்த்து நிற்பது இம்மெல்லிய திரைதான்.

இனி, அதனை மோதும் கல்லின் வலிமையைக் கருதுக. சுண்டங்கத்தரிக்காய் அளவினதான கல்லொன்றின் நிறை ஏறத்தாழ 5 கிராம். மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வண்டி அக்கல்லை மோதும்போது வெளிப்படும் சக்தி, ஒரு கிலோகிராம் நிறையை 20 சென்ரிமீற்றர் உயரத்திலிருந்து விழவிடுவதற்கு ஒப்பாகும். அவ்வளவு சக்தியும் கல்லின் கூரிய முனையொன்றில், ஒரு புள்ளியில் வந்து குவிகின்றது. இங்கு நினைவிற் கொள்ளவேண்டிய விதி ஒன்றுண்டு. வேகம் இரட்டித்தால் அடியின் சக்தி இரட்டிப்பதில்லை, நான்கு மடங்காகின்றது. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வர்ணத்தைத் தொட்டுவிட்டுச் செல்லும் அதே கல், 100 கிலோமீற்றர் வேகத்தில் அதைப் பெயர்த்துவிட வல்லது. கொட்டாவையிலிருந்து காலி வரையான அதிவேக நெடுஞ்சாலை 2011 நவம்பரில் திறக்கப்பட்டபின், அத்தகைய வேகத்திற் செல்லும் வாய்ப்பு இந்நாட்டுச் சாரதிகளுக்கும் கிடைத்தது. வேகத்தோடு அதன் விலையும் கூடவே வந்தது.

கல் எவ்வாறு எழும்புகின்றது? வீதியிற் கிடக்கும் சிறு கல் முன்னே செல்லும் வண்டியின் ரயர் வரிகளுக்குள் அகப்பட்டோ, ரயரின் ஓரத்தால் நெருக்கப்பட்டோ மேலே வீசப்படுகின்றது. பின்னால் வரும் வண்டி அக்கல் கீழே விழுமுன் அதன்மேற் சென்று மோதுகின்றது. கல் வந்து அடித்தது என்று சாரதி சொல்கிறார். உண்மையிற் பெரும்பாலும் வண்டியே கல்லைச் சென்று அடித்தது. ஆகையினாற்றான் பொனற்றின் முன் விளிம்பு, பம்பர், முன் மட்காட், பக்கக் கண்ணாடிகளின் முதுகு, முகப்புக் கண்ணாடிக்கு மேலுள்ள கூரையின் விளிம்பு ஆகிய இடங்களில் வடுக்கள் மிகுதியாகக் காணப்படுகின்றன. வண்டியின் முன்சில்லுகளும் சும்மா இருப்பதில்லை. அவை வாரியெறியும் கற்கள் கதவுகளுக்குக் கீழுள்ள பகுதியையும் பின்சில்லின் வளைவையும் தாக்குகின்றன.

கல் பட்டபின் நிகழ்வதே பெரிய தீங்கு. இரும்பும் ஈரமும் காற்றிலுள்ள ஒட்சிசனும் ஒன்றுகூடும் இடத்திற் கறள் பிறக்கின்றது. நீரில் உப்புக் கலந்திருந்தால் அது மின்னை எளிதிற் கடத்தும். கறளும் விரைந்து பரவும். மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் காலியிலும் கடலருகே நிறுத்தப்படும் வண்டிகள் உள்நாட்டு வண்டிகளிலும் விரைவிற் கறளேறுவது இதனாலேயே. கறளுக்கு மற்றொரு தீய குணமும் உண்டு. தான் பிறந்த இரும்பினும் இரண்டு மடங்குக்கு மேற்பட்ட இடத்தை அது பிடித்துக்கொள்கின்றது. ஆகவே அது வடுவுக்குள் அடங்கியிராமல், சுற்றியுள்ள நல்ல வர்ணத்தையும் அடியிலிருந்து நெம்பி எழுப்புகின்றது. எழும்பிய விளிம்பின்கீழ் மேலும் ஈரம் புகுகின்றது. வெளியே தெரிவது கடுகளவு. உள்ளே பரந்திருப்பதோ காசளவு. வர்ணத்தின்மேற் சிறு கொப்புளம் எழுந்திருப்பதைக் காணும்போது, கறள் தன் வேலையை முன்னரே தொடங்கிவிட்டது என்று கொள்க.

இக்காலத்து வண்டிகள் பலவற்றில் உருக்குத் தகட்டின்மேல் நாகப்பூச்சு உண்டு. நாகம் தன்னை அழியக் கொடுத்து இரும்பைக் காக்கும் இயல்புடையது. அதனாற் கறள் தாமதிக்கின்றது. ஆயினும் என்றைக்குமாகத் தடுக்கப்பட்டுவிட்டது என்று நினைத்தல் தவறு. பிளாத்திக்குப் பம்பர்களுக்குக் கறள் என்பதே இல்லை. அங்கு வடு கண்ணுக்கு மட்டுமே குறை. அலுமினியப் பொனற்றுகளிற் செங்கறள் தோன்றாது; ஆனால் வெண்ணிறப் பொடி படிந்து வர்ணம் எழும்பக்கூடும். எனவே வடு எந்த உலோகத்தின்மேல் உள்ளது என்பதை அறிந்துகொள்வது நன்று. ஒரு சிறு காந்தத்தைத் துணியிற் சுற்றி வைத்துப் பார்த்தாற் போதும். ஒட்டிக்கொண்டால் அது உருக்கு.

சீர்செய்யும் முறைக்கு வருவோம். வடுக்கள் மூவகைப்படும். மேலே உள்ள தெளிந்த பூச்சு மட்டும் பெயர்ந்திருந்தால் வெண்மையான புள்ளி தோன்றும். நிறப்பூச்சும் பெயர்ந்து அடிப்பூச்சு வரை சென்றிருந்தாற் சாம்பல் நிறம் தெரியும். உலோகம் வரை சென்றிருந்தால் முதலிற் பளிச்சென்றும், சில நாட்களிற் கபில நிறமாகவும் காணப்படும். முதலிரண்டுக்கும் அவகாசம் உண்டு. மூன்றாவதற்கு இல்லை, மாரிகாலமாயின் சிறிதும் இல்லை.

இவ்வேலைக்கு வேண்டியவை அதிகமில்லை: உலோகத்துக்கான அடிப்பூச்சு, வண்டியின் நிறத்தில் ஒரு சிறு போத்தல் வர்ணம், தெளிந்த பூச்சு, நுண்ணிய அரத்தாள், ஒரு மெல்லிய தூரிகை. தூரிகை கிடையாதபோது கூராகச் சீவிய ஈர்க்கும் உதவும். நிறத்தைக் கண்ணால் மதிப்பிட்டு வாங்குதல் கூடாது. வெள்ளையிலே பல வெள்ளை உண்டு. ஒவ்வொரு வண்டியிலும் அதன் நிறத்துக்குரிய குறியீடு பொறித்த தகடோ ஒட்டுத்தாளோ உண்டு. அது எஞ்சின் அறையிலோ கதவுத் தூணிலோ இருக்கும். ரொயோட்டா வண்டிகளின் தகட்டில் ‘சி/ரீஆர்’ என்னும் எழுத்துக்களுக்கு எதிரே முதலில் வருவது நிறத்தின் குறியீடாகும்.

நிழலான, தூசியற்ற, காற்றோட்டமுள்ள இடத்தில் வண்டியை நிறுத்துதல் வேண்டும். வெயிலிற் காய்ந்த தகட்டில் வர்ணம் ஓடிப் பரவுமுன் காய்ந்துவிடும். மழைநாளின் ஈரக்காற்றில் அது வெண்மை பூத்துவிடும். இவ்வர்ணங்களும் அவற்றைக் கரைக்கும் திரவங்களும் எளிதில் தீப்பற்றுவன. அருகே நெருப்போ புகைத்தலோ ஆகாது. வடுவையும் அதன் சுற்றுப்புறத்தையும் கழுவி, நன்றாக உலரவிட்டு, மெழுகும் எண்ணெய்ப்பசையும் நீங்குமாறு ஐசோபுரோப்பைல் அற்ககோலில் நனைத்த துணியால் துடைத்தல் வேண்டும். விளிம்பில் ஒட்டாமல் நிற்கும் வர்ணச் செதில்களை மெல்லப் பெயர்த்துவிடுதல் நன்று.

அடுத்து வருவதே இவ்வேலையின் உயிர்நிலை. வடுவினுள் கபிலநிறம் சிறிதேனும் தெரிந்தால், அதைச் சுரண்டி நீக்காமல் வர்ணம் பூசுதல் கூடவே கூடாது. கறளின்மேற் பூசிய வர்ணம் கறளை அடக்குவதில்லை, கண்ணுக்கு மறைத்துவைக்கின்றது. அது மூடியின்கீழ் ஆறுதலாகத் தன் வேலையைத் தொடரும். அரத்தாளின் சிறு துண்டை ஒரு குச்சியின் நுனியில் ஒட்டி, நல்ல வர்ணத்தைத் தொடாமல் வடுவின் உட்பகுதியை மட்டும் உலோகம் தெரியும்வரை தேய்த்தல் வேண்டும். குழிகளில் எஞ்சும் கறளுக்குப் பொசுபோரிக்கமிலம் சேர்ந்த கறள்நீக்கி உதவும். அது கறளை இரும்புப் பொசுபேற்றாக மாற்றி நிலைப்படுத்துகின்றது. அதன் போத்தலிற் கூறியவாறு பூசி, கூறிய நேரம் விட்டு, துடைத்து உலர்த்துதல் வேண்டும்.

பின்னர் உலோகம் தெரியும் இடத்துக்கு மட்டும் அடிப்பூச்சை மெல்லிதாக இட்டு உலரவிடுக. அதன்மேல் நிறத்தை ஒரே தடவையிற் கொட்டி நிரப்புதல் பலர் செய்யும் பிழை. தடித்த துளி மேலே காய்ந்து உள்ளே ஈரமாய் நிற்கும். காயக் காயச் சுருங்கிக் குழியும். மெல்லிய படைகளாக இரண்டு மூன்று முறை இட்டு, ஒவ்வொன்றும் உலர்ந்தபின்னரே அடுத்ததை இடுதல் வேண்டும். ஈற்றிற் தெளிந்த பூச்சு சுற்றியுள்ள மட்டத்தினும் மயிரளவு உயர்ந்து நிற்கலாம். ஒரு வாரமாவது அதைத் தொடாமல் விட்டபின், விரும்பியவர்கள் 2000 இலக்க அரத்தாளை நீரில் நனைத்து அவ்வுயரத்தை மட்டும் தேய்த்து, மினுக்கும் பசையால் ஒளியேற்றலாம். ஆனால் கைக்கு ஓர் எல்லை வேண்டும். தெளிந்த பூச்சின் தடிப்பு 50 மைக்கிரோமீற்றர் அளவினதே. மினுக்கத்தின் ஆசையால் அதைத் தேய்த்துத் தீர்த்தவர் கல் செய்யாத சேதத்தைத் தாமே செய்தவராவர்.

இவ்வாறு சீர்செய்த இடம் உற்றுப் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியத்தான் செய்யும். உலோகத்துகள் கலந்த மினுங்கு வர்ணங்களில் இது நன்கு புலப்படும். தெளிகருவியால் விசிறிய வர்ணத்தில் துகள்கள் கிடக்கும் முறை வேறு. தூரிகையால் தொட்டு வைத்ததிற் கிடக்கும் முறை வேறு. அதற்காக மனஞ் சலிக்கவேண்டியதில்லை. இவ்வேலையின் நோக்கம் வடுவை மறைப்பதன்று, வாசலை அடைப்பதாகும். வர்ணம் வாங்கச் சில நாட்கள் ஆகுமாயின், வடுவைக் கழுவி உலர்த்தி, நிறமற்ற நகப்பூச்சை ஒரு துளி இட்டுவைப்பினும் தற்காலிகமாக ஈரம் தடைப்படும். கொப்புளங்கள் எழுந்திருந்தாலோ, ஒரே தகட்டில் எண்ணற்ற வடுக்கள் இருந்தாலோ, அது வீட்டு வேலையன்று. தேர்ந்த கராஜில் ஒப்படைப்பதே முறை. நகத்தாற் கிள்ள வேண்டியதைக் கோடரியால் வெட்டும் நிலைக்கு விடலாகாது என்ற முதுமொழி இங்கு நன்கு பொருந்தும். சிறு போத்தலொன்றின் செலவோடு முடியவேண்டியது தகட்டையே வெட்டியெடுத்து ஒட்டுப்போடும் வேலையாக வளர்வது, ஓரிரு மாரிகாலத்து அலட்சியத்தாலேயே.

வராமற் காக்கும் வழிகளுள் முதன்மையானது எக்காசும் வேண்டாதது. அது முன்னே செல்லும் வண்டிக்கு விடும் இடைவெளி. இரண்டு மீற்றர் உயரம் எழும்பிய கல் மீண்டும் நிலத்தை அடைய ஏறத்தாழ 1.3 செக்கன் ஆகும். இரண்டு செக்கன் இடைவெளி விட்டுச் செல்பவர் அத்தகைய கல் விழுந்தபின்னரே அவ்விடத்தைக் கடப்பார். மணிக்கு 70 கிலோமீற்றர் வேகத்தில் இது ஏறத்தாழ 39 மீற்றர். 100 கிலோமீற்றர் வேகத்தில் 56 மீற்றர். ஓடும்போது மீற்றர் கணக்குப் பார்க்க இயலாது. முன்வண்டி ஒரு மரத்தையோ மின்கம்பத்தையோ கடக்கும்போது ‘ஆயிரத்தொன்று, ஆயிரத்திரண்டு’ என்று எண்ணுக. எண்ணி முடியுமுன் தம் வண்டியும் அதைக் கடந்துவிட்டால் நெருக்கம் அதிகம் என்பது பொருள். லொறியின் பின்னாலும், கிரவல் வீதியிலும், தாரிட்டுப் புதிதாகச் சல்லி தூவிய வீதியிலும் மூன்று, நான்கு வரை எண்ணுதல் நன்று. இடைவெளி பிறேக்குக்கும் நல்லது, உயிருக்கும் நல்லது. வர்ணத்துக்கு நல்லதென்பது மேலதிக வரவு.

இரண்டாவது வழி வேகத்தைக் குறைத்தல். அதன் காரணம் மேலே கூறப்பட்டது. மூன்றாவது, சில்லுகளின் பின்னே தொங்கும் சேற்றுத்தடுப்புகள். அவை தம் வண்டியின் கீழ்ப்பாகத்தையும் பின்னால் வருவோரின் முகப்பையும் ஒருங்கே காக்கின்றன. கிழிந்து தொங்கியதை அறுத்தெறிந்துவிட்டுப் புதியதைப் போடாதிருத்தல் அயலவர்க்குச் செய்யும் குற்றமாகும்.

நான்காவது, வர்ணத்தின்மேல் ஒட்டப்படும் பொலியூரதேன் தாள். 1960களில், வியட்நாம் போர்க்காலத்தில், ஹெலிகொப்டர்களின் சுழலிறக்கைகளை மணலும் கல்லும் அரிக்காதிருக்க ஒட்டப்பட்ட நாடாவின் வழிவந்தது அது. ஏறத்தாழ 200 மைக்கிரோமீற்றர் தடிப்புடைய இத்தாள் வர்ணம் முழுவதினும் தடித்தது. மீள்தன்மை உடையதாகையால் கல்லின் அடியை வாங்கிப் பரப்பிவிடுகின்றது. விலை கூடியதாகையால், பொனற்றின் முன்பாகம், கண்ணாடிகளின் முதுகு, கதவுகளின் கீழ்ப்புறம் ஆகிய இடங்களுக்கு மட்டும் ஒட்டுவித்தாலும் பயன் பெரிது. மெழுகும், செராமிக் எனப்படும் பூச்சும் வேறு வகையின. அவை நீரையும் அழுக்கையும் வழுக்கச் செய்யும், கழுவுவதை எளிதாக்கும். சில மைக்கிரோமீற்றர் தடிப்புள்ள அவை கல்லைத் தடுக்கும் என்று சொல்லி விற்பாரை நம்புதல் வேண்டாம். பொனற்றுக்குப் போர்த்தும் தோலுறைகள் கல்லைத் தடுப்பினும், மழையில் நனைந்தபின் கழற்றி உலர்த்தாவிடில் ஈரத்தையும் மணலையும் உள்ளே வைத்துத் தேய்ப்பனவாகும்.

வாரந்தோறும் வண்டியைக் கழுவும்போது முகப்பைக் கையால் தடவிப் பார்ப்பதும், மாலையில் விளக்கொளியைச் சாய்வாகப் பிடித்துப் பார்ப்பதும் நல்ல வழக்கங்கள். கண் தவறவிடும் வடுவை விரல் கண்டுபிடிக்கும். கராஜுகளில் நீரை வேகமாகப் பீச்சும் குழாயை வடுவுக்கு நெருக்கமாகப் பிடிக்க விடலாகாது. பெயர்ந்த விளிம்பை அது மேலும் உரித்துவிடும்.

இறுதியாக ஒன்று. கல்லும் மணலும் ஏற்றிச் செல்லும் லொறிகள் தம் சுமையைப் படங்கு கொண்டு மூடிச் செல்லுதல் வேண்டும். சிந்திய ஒரு கூடைச் சல்லி ஒரு நாள் முழுவதும் நூறு வண்டிகளின் சில்லுகளில் அகப்பட்டுத் தெறிக்கும். அவ்வழியே செல்வோர் கண்ணாடிக்குள் அமர்ந்து வருவோர் மட்டுமல்லர். சைக்கிளிற் செல்லும் தொழிலாளி உண்டு. வீதியோரம் நடக்கும் பள்ளிப் பிள்ளை உண்டு. பொனற்றில் வடுவாக முடியும் அதே கல், ஒரு பிள்ளையின் கண்ணிற் பட்டால் அதற்குப் பூச எந்தப் போத்தலிலும் வர்ணம் இல்லை. கிரவல் வீதியிற் பாதசாரிகளைக் கடக்கும்போது சாரதி வேகத்தைத் தணிப்பாராயின், காக்கப்படுவது அவருடைய வண்டியின் மேனி மாத்திரமன்று.

வீடுதோறும் தையலூசியும் நூலும் இருக்கின்றன. சிறு கிழிசல் கண்டவுடன் தைத்துவிடுவது இல்லத்தார் வழக்கம். அதுபோல, வண்டி உள்ள வீட்டில் அவ்வண்டியின் நிறத்தில் ஒரு சிறு போத்தல் வர்ணமும், ஒரு துண்டு அரத்தாளும், அரை மணி நேரப் பொறுமையும் இருக்குமாயின், கல் தெறித்த இடம் கறள் படும் இடமாக ஆகாது.